திரும்பி வரும் நாய் யாருடையது?

2025 ஆகஸ்ட் 22 அன்று தெருநாய் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு ஓர் உத்தரவு பிறப்பித்தது. பிடித்த நாய்களுக்குக் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும்; வெறிநோய் கண்டவற்றையும் மூர்க்கமானவற்றையும் மட்டும் விடக் கூடாது. இந்தப் பகுதியைத்தான் நாடு முழுக்கப் பேசினார்கள். அதே உத்தரவில் யாரும் சண்டை போடாத பத்தி ஒன்று உண்டு. தெருநாயைத் தத்தெடுக்க விரும்புகிறவர் உரிய உள்ளாட்சி அமைப்பிடம் விண்ணப்பிக்கலாம். அந்த நாய்க்கு அடையாள வில்லை மாட்டி அவர் பெயரில் கொடுப்பார்கள். அதன்பிறகு அது தெருவுக்குத் திரும்பாமல் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு.

விண்ணப்பமும் வில்லையும் நிர்வாகம் நினைத்தால் ஒரு வாரத்தில் ஆகிற காரியம். சிக்கல் முழுவதும் மூன்றாவது விஷயத்தில்தான். தத்தெடுத்தவருக்கு வேலை மாற்றம் வருகிறது, அல்லது வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்கிறார், அல்லது நாய் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கடித்துவிடுகிறது. அப்போது அந்த நாயை யார் வாங்கிக்கொள்வது? உத்தரவு அதுவரை போகவில்லை. நம் ஊர்களில் நடக்கும் தத்து முகாம்களும் பெரும்பாலும் அதுவரை போவதில்லை. வளர்ப்புப் பிராணிகளுக்கு வீடு தேடும் எந்தக் கூட்டு முயற்சியையும் இந்த ஒரு கேள்வியை வைத்தே உரசிப் பார்க்கலாம் என்பது என் எண்ணம்.

சென்னையின் கதையிலிருந்து தொடங்கலாம். 1959இல் நகரம் வெள்ளத்தில் தத்தளித்தபோது, விமான ஓட்டியான கேப்டன் வி. சுந்தரம் நீரில் சிக்கிய நாய்க்குட்டிகளை தி.நகரில் இருந்த தன் வீட்டுக்குத் தூக்கிவந்தார். அந்த வீட்டில்தான் ‘ப்ளூ கிராஸ் ஆஃப் இந்தியா’ தொடங்கியது. 1964இல் பதிவு பெற்றது. அந்தக் காலத்தில் மாநகராட்சிக்குத் தெரிந்த ஒரே வழி, பிடித்துக் கொல்வது. 1996 வாக்கில் ஒரு நாளைக்கு 135 நாய்கள் வரை கொல்லப்பட்டன என்று சுந்தரத்தின் மகன் சின்னி கிருஷ்ணா எழுதியிருக்கிறார். கொல்வதால் எண்ணிக்கை குறையவில்லை, கருத்தடை செய்து விட்டுவிடுங்கள் என்று ப்ளூ கிராஸ் 1964 முதல் சொல்லிவந்ததை மாநகராட்சி ஏற்க முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. 1996இல் தென்சென்னையின் ஒரு பகுதியில் சோதனையாகத் தொடங்கி, பிறகு நகரம் முழுவதற்கும் விரித்தார்கள். 2001இல் மத்திய அரசு அதையே நாடு முழுவதற்குமான விதியாக்கியது. 2023இல் அந்த விதிகள் திருத்தி எழுதப்பட்டன.

இந்தச் சாதனையைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. அடையாறின் பெசன்ட் நினைவு விலங்கு மருத்துவமனையும் இன்னும் பல சிறு அமைப்புகளும் அதில் பங்கெடுத்தன. ஆனால் அதற்கு ஒரு பக்கவிளைவு உண்டு. கொல்லாமை கொள்கையானபோது தெருவே நாயின் அதிகாரபூர்வ முகவரியாகிவிட்டது. பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்று விதி இருக்கும்போது, வீடு தேடித் தருவது அரசின் வேலையாக இருக்க முடியாது. அது தன்னார்வலர்களின் மாலை நேர வேலையானது. மாநகராட்சி கருத்தடை செய்யும். வீடு தேடுவதை, மனமிருந்தால், யாராவது பார்த்துக்கொள்வார்கள். தமிழ்நாட்டில் தத்துப் பணி இன்றும் இந்தப் பிரிவினையின்மேல்தான் நிற்கிறது.

ஒன்றை முன்பே சொல்லிவிடுவது நல்லது. தத்து கொடுத்துத் தெருநாய்களைக் குறைத்துவிட முடியாது. சென்னையில் 2018 கணக்கெடுப்பில் சுமார் 57,000 நாய்கள் இருந்தன; 2024இல் சுமார் 1.8 லட்சம். அவற்றில் கருத்தடை ஆனவை மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஞாயிறுதோறும் முகாம் நடத்தி ஆண்டுக்குச் சில ஆயிரம் குட்டிகளை வீட்டில் சேர்த்தாலும் இந்த எண்ணில் அது உறைக்காது. தத்து என்பது தெருவில் பிழைக்கவே முடியாத உயிர்களுக்கான ஏற்பாடு. தாய் லாரியில் அடிபட்டுச் செத்த குட்டிகள், ஒரு காலை இழந்த நாய், பால்கனியில் வளர்ந்து ஒருநாள் நெடுஞ்சாலையோரம் இறக்கிவிடப்பட்ட லாப்ரடார், வீட்டுக்குள்ளேயே வளர்ந்த பாரசீகப் பூனை. தெருவில் பிறந்த நாய்க்குத் தெருவில் பிழைக்கத் தெரியும். லாப்ரடாருக்கு எச்சில் இலையை எங்கே தேடுவது என்றுகூடத் தெரியாது.

இந்தச் சின்ன வேலை எப்படி நடக்கிறது? ஒருவர் மழைநீர்க் கால்வாயில் குட்டியைப் பார்க்கிறார். படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார். ‘அர்ஜென்ட், ஃபாஸ்டர் வேணும்’ என்று அது பத்துக் குழுக்களுக்குப் போகிறது. ஒரு வீட்டில் பதினைந்து நாள் வைத்துக்கொள்ள ஒத்துக்கொள்கிறார்கள். அந்தப் பதினைந்து நாள் பல சமயம் ஐந்து மாதம் ஆகும். ஒரு மருத்துவர் குடற்புழு மருந்துக்கும் தடுப்பூசிக்கும் பாதிக் கட்டணம் வாங்குகிறார். இன்னொருவர் நல்ல வெளிச்சத்தில் படமெடுத்து, குட்டிக்கு ஒரு பெயர் வைத்து, நாலு வரி எழுதிப் போடுகிறார். வேறொருவர் வருகிறவரின் வீட்டைப் போய்ப் பார்க்கிறார்: மொட்டைமாடிக்குக் கைப்பிடிச் சுவர் இருக்கிறதா, வீட்டில் எல்லோருக்கும் சம்மதமா. இந்த ஐந்து பேரும் ஒருவரையொருவர் நேரில் பார்த்திருக்கவே மாட்டார்கள். இத்தனை பேர் சம்பளமில்லாமல் ஓர் உயிருக்காகக் கைமாற்றி உழைப்பதைக் கேலி செய்ய யாருக்கும் உரிமையில்லை.

ஆனால் சங்கிலியின் கடைசிக் கண்ணியைப் பாருங்கள். குட்டி வீட்டுக்குப் போனதும் குழுவில் இதயக் குறிகள் விழும். அத்தோடு ஐந்து பேரும் அடுத்த படத்துக்குப் போய்விடுவார்கள். எட்டு மாதம் கழித்து, ‘நாங்க வெளிநாடு போறோம், திரும்ப எடுத்துக்கிறீங்களா?’ என்று செய்தி வரும்போது அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் யார் என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. படம் போட்டவரா, ஃபாஸ்டர் வைத்தவரா, வீடு பார்த்தவரா? பெரும்பாலும் மனசு இளகியவர் யாரோ அவர் தலையில் அது விழும். நகரத்தில் ஒரு வீட்டில் பதினாறு நாய்கள் சேர்வது இப்படித்தான். பக்கத்து வீட்டார் மாநகராட்சிக்குப் புகார் எழுதத் தொடங்குவதும் அப்போதுதான்.

நாய் ஏன் திரும்புகிறது என்பதை அமெரிக்காவில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். 1990களில் பன்னிரண்டு காப்பகங்களில் நடந்த பெரிய ஆய்வில், நாயைக் கொண்டுவந்து விட்டவர்கள் அதிகம் சொன்ன காரணங்களில் ‘வீடு மாறுகிறோம்’ என்பது முன்னணியில் இருந்தது. 2009இல் எமிலி வைஸும் ஷானன் கிராமனும் வெளியிட்ட ஆய்வு பரவலான ஒரு நம்பிக்கையை அசைத்தது. பணம் கொடுத்துப் பூனை வாங்கிப்போனவர்களையும் இலவசமாக வாங்கிப்போனவர்களையும் ஒப்பிட்டார்கள்; பூனைமேல் இருந்த பற்றில் வித்தியாசம் தெரியவில்லை. ‘சும்மா கொடுத்தா மதிக்க மாட்டாங்க’ என்று நம் முகாம்களிலும் அடிக்கடி சொல்வார்கள். ஆளைச் சரியாகத் தேர்ந்தால் போதும் என்று நினைத்து, வாங்குபவரை முகாமில் துருவித் துருவிக் கேட்கிறோம், நாற்பது கேள்விப் படிவம் நிரப்பச் சொல்கிறோம். தவறான ஆளுக்குக் கொடுத்ததால் சில நாய்கள் திரும்புகின்றன என்பது உண்மைதான். ஆனால் நல்ல ஆளின் வாழ்க்கையும் மாறும். வாசலில் எத்தனை கேள்வி கேட்டாலும் எட்டு மாதம் கழித்து வரப்போகிற வீட்டுக்காரரின் கோபத்தை அங்கே கண்டுபிடிக்க முடியாது.

சட்டமும் இங்கே உதவாது. வளர்த்த பிராணியைப் பட்டினியும் தாகமும் வாட்டும் நிலையில் காரணமின்றிக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அந்தச் சட்டம் வருவதற்கு மாநிலங்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்து பாதை போட்டவர் ருக்மிணி தேவி அருண்டேல். முதல் முறை குற்றத்துக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய். அறுபத்தைந்து ஆண்டுகளாக அந்த எண் மாறவில்லை. ஐம்பது ரூபாய்க்கு இன்று நாய்க்கு ஒரு வேளை கறிகூட வாங்க முடியாது.

கடைசிக் கண்ணியை எழுத்தில் கட்டிய ஊர் ஒன்று உண்டு. அதற்காகத்தான் சான் ஃபிரான்சிஸ்கோவை இழுக்கிறேன். அமெரிக்காவைப் பார்த்துக் கற்றுக்கொள்வதற்கு அல்ல. அங்கே விலங்குவதைத் தடுப்புச் சங்கம் நீண்ட காலம் நகராட்சிக்காக நாய் பிடித்து, இடமில்லாதபோது கொன்றும் வந்தது. ரிச்சர்ட் அவன்சினோ தலைமையில் அந்த ஒப்பந்தத்தையே சங்கம் கைவிட்டது. 1989இல் நகராட்சி தனித் துறை அமைத்துக்கொண்டது. இரண்டும் போட்டியாளர்கள்போல நின்றன. 1994இல் இரண்டும் ‘தத்து ஒப்பந்தம்’ என்று ஒன்றில் கையெழுத்திட்டன. அதன் சாரம் எளிது: நகராட்சித் துறை தன் பிராணிகளுக்கு முதலில் தானே வீடு தேடும். அதனால் முடியாத, ஆனால் வீட்டில் வாழத் தகுதியுள்ள ஒவ்வொரு நாயையும் பூனையையும் சங்கம் வாங்கிக்கொண்டே தீர வேண்டும். மறுக்க முடியாது.

இதில் முகாம் எத்தனை, விளம்பரம் எவ்வளவு என்பதெல்லாம் இரண்டாம்பட்சம். யாருக்கும் வேண்டாத பிராணி கடைசியில் யார் கணக்கில் சேரும் என்பதை இரண்டு நிறுவனங்கள் முன்கூட்டியே காகிதத்தில் எழுதின. அதனால் தகுதியுள்ள பிராணி கொல்லப்படுவது அந்த நகரில் நின்றது. குறையும் உண்டு. ‘தகுதியுள்ள’ என்ற சொல்லை யார் வரையறுப்பது என்பதில் நெடுங்காலம் சர்ச்சை நடந்தது. முரட்டுத் தோற்றமுள்ள பெரிய நாய்கள் அந்தச் சொல்லுக்கு வெளியே தள்ளப்பட்டன என்று விமரிசித்தார்கள். 2004இல் கலிஃபோர்னியாவின் அசிலோமாரில் நாடெங்குமிருந்து அமைப்புகள் கூடி, பொது வரையறைகளையும் ஒரே மாதிரியான கணக்குப் படிவத்தையும் வகுத்தது இந்தக் குழப்பத்தால்தான். எத்தனை வந்தன, எத்தனை வீட்டுக்குப் போயின, எத்தனை கொல்லப்பட்டன என்று எல்லோரும் ஒரே கட்டங்களில் எழுத ஒத்துக்கொண்டார்கள்.

தமிழ்நாட்டில் அப்படி ஒரு பொதுக் கணக்கு இல்லை. ஒவ்வொரு அமைப்பும் கொடுத்த எண்ணிக்கையைச் சொல்லும். திரும்பிய எண்ணிக்கையை எழுதாது. சென்னை மாநகராட்சி வீட்டு நாய்களுக்கு ஆண்டு உரிமம் கொடுக்கிறது. 2024 மே மாதம் ஆயிரம்விளக்குப் பூங்காவில் இரண்டு ராட்வைலர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறிய பிறகு உரிமத்துக்குக் கூட்டம் அலைமோதியது. 2025இல் மைக்ரோசிப்பையும் சேர்த்து, உரிமமில்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று கெடு வைத்தார்கள். கெடு நீண்டுகொண்டே போனது. தோலுக்கடியில் அரிசியளவு சிப் இருந்தால், நெடுஞ்சாலையோரம் இறக்கிவிடப்பட்ட லாப்ரடார் யாருடையது என்று இனிக் கண்டுபிடிக்கலாம். நல்லதுதான். ஆனால் அதே பதிவேட்டில், ‘என்னால் வளர்க்க முடியவில்லை, வேறு வீடு வேண்டும்’ என்று உரிமையாளர் வெட்கப்படாமல் சொல்லவும் ஒரு கட்டம் இருந்தால், அபராதத்துக்குப் பயந்து இரவோடிரவாக நாயை வண்டியில் ஏற்றுகிறவர்கள் குறைவார்கள்.

வாடகை வீடு இன்னொரு முட்டுக்கட்டை. குடியிருப்போர் சங்கம் வளர்ப்புப் பிராணிகளைத் தடை செய்ய முடியாது, லிஃப்டில் ஏற்றாதே என்று சொல்ல முடியாது என இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. தனி வீட்டுக்காரரிடம் அந்தக் காகிதத்தை நீட்டிப் பாருங்கள். ‘நாய் இல்லாதவங்களா பாத்துக் குடுக்கறேன்’ என்பார், கதவு மூடிவிடும். இங்கே நமக்கு நெருக்கமான உதாரணம் சிங்கப்பூர். அங்கே பெரும்பாலோர் வசிக்கும் அரசு அடுக்குமாடி வீடுகளில் பட்டியலிட்ட சிறிய இன நாய்களுக்கு மட்டுமே அனுமதி இருந்தது. தெருவிலிருந்து மீட்ட கலப்பின நாய்களுக்கு இல்லை. மீட்பு அமைப்புகள் எவ்வளவு படம் போட்டாலும் வீடு கிடைக்காததற்குக் காரணம் மக்களின் மனமல்ல, வீட்டு விதி. 2012இல் அரசும் அமைப்புகளும் சேர்ந்து ‘அடோர்’ என்ற திட்டத்தைத் தொடங்கின. குறிப்பிட்ட உயரத்துக்குள் உள்ள கலப்பின நாய்கள், மீட்பு அமைப்பு வழியாகவே வந்து, கருத்தடையும் பயிற்சியும் பெற்றால், அடுக்குமாடியில் வாழலாம். அரசு விதியைத் தளர்த்தியது. அமைப்புகள் அந்த நாய்களுக்குப் பொறுப்பேற்றன. நாய் தொல்லை தந்தால் புகாரைத் தீர்க்க ஒரு ஆள் இருந்தார். உயர வரம்பை 2020இல் உயர்த்தினார்கள். பூனைகளுக்கு இருந்த பல்லாண்டுத் தடை 2024 செப்டம்பரில் நீங்கியது.

இதையெல்லாம் வேப்பூரில் உட்கார்ந்து யோசித்தால் வேறு விதமாகத் தெரிகிறது. சென்னை–திருச்சி நெடுஞ்சாலையும் விருத்தாசலம்–சேலம் சாலையும் வெட்டிக்கொள்ளும் ஊர் இது. வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தைக்குப் பேர்போனது. தீபாவளி, பக்ரீத்துக்கு முந்தைய வாரங்களில் விடியுமுன்பே கோடிக்கணக்கான ரூபாய்க்கு ஆடு கைமாறும். வாங்குபவரையும் விற்பவரையும் தெரிந்த தரகர்கள் இருப்பார்கள். ஆட்டுக்கு விலை உண்டு. அதனால் அது எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்குப் போனது என்பது யாருக்காவது நினைவிருக்கும். நாய்க்குட்டிக்கு விலை இல்லை, அதனால் நினைவும் இல்லை என்று எழுத வந்தேன். யோசித்தால் அது சரியல்ல.

இந்தப் பக்கத்துக் கிராமங்களில் நாய்க்குட்டி எப்படி வீடு மாறுகிறது? ‘உங்க நாய் குட்டி போட்டா ஒண்ணு சொல்லுண்ணே’ என்று முன்பே சொல்லிவைப்பார்கள். கண் திறந்து, பால் மறந்து, சோறு தின்னத் தொடங்கியதும் போய்த் தூக்கிவருவார்கள். கொடுத்த வீடும் வாங்கிய வீடும் ஒரே ஊர், அல்லது பக்கத்து ஊர். குட்டி ஒத்துவரவில்லை என்றால் அதே வீட்டில் கொண்டுவந்து விடுவார்கள்; சில சமயம் குட்டியே ஓடி வந்துவிடும். தாய் நாய் இருக்கும் வீடு அதை ஒரு முனகலோடு வாங்கிக்கொள்ளும். சான் ஃபிரான்சிஸ்கோ கையெழுத்திட்டு ஏற்படுத்தியதைக் கிராமம் சொல்லாமலே வைத்திருந்தது.

ஆனால் அந்த ஏற்பாடு கடுவனுக்கு மட்டும். பொட்டைக்குட்டியை யாரும் சொல்லிவைப்பதில்லை. ஈற்றில் பாதி பொட்டையாகத்தான் இருக்கும். அவை சாக்கில் கட்டப்பட்டு, ஏரிக்கரையிலோ கூட்டு ரோட்டில் ஓட்டல் வாசலிலோ அவிழ்க்கப்படும். பூனைக்குட்டிகளுக்கு மீன் கடைப் பக்கம். இது கொடுமை என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். வருடத்துக்கு இருமுறை ஆறேழு குட்டி போடும் நாயைக் கருத்தடை செய்ய வழியில்லாத வீடு வேறென்ன செய்யும்? வழி இருந்தால் பொட்டையும் கடுவனும் ஒன்றுதான். காவலுக்குப் பொட்டை நாய் குறைச்சல் இல்லை. வேலி தாண்டிச் சுற்றாது, வீட்டோடு கிடக்கும் என்று அனுபவப்பட்ட ஆட்டுக்காரர்களே சொல்வார்கள். சென்னையில் கருத்தடை வசதி இருக்கிறது, திரும்பிவரும் நாயை வாங்கிக்கொள்ளும் வீடு இல்லை. இங்கே வாங்கிக்கொள்ளும் வீடு இருக்கிறது, கருத்தடை இல்லை.

இப்போது இதற்கு ஓர் அவசரமும் சேர்ந்திருக்கிறது. 2025 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் பள்ளி, மருத்துவமனை, விளையாட்டு வளாகம், பேருந்து நிலையம், ரயில் நிலையம் ஆகிய இடங்களின் நாய்களை அப்புறப்படுத்திக் காப்பகத்தில் வைக்க வேண்டும், அதே இடத்தில் மீண்டும் விடக் கூடாது என்று உத்தரவிட்டது. விருத்தாசலம் ரயில் சந்திப்பின் நடைமேடை நாய்க்கும் அரசு மருத்துவமனை வளாகத்து நாய்க்கும் அது பொருந்தும். காப்பகம் கட்டி ஆண்டாண்டுக்குச் சோறு போடுவது ஒரு சிறு நகராட்சிக்கோ ஊராட்சிக்கோ என்ன செலவு என்பதைக் கூட்டிக் கழித்துப் பார்த்தால், அந்த நாய்களில் சாதுவான சிலவற்றுக்காவது வீடு தேடுவது நிதி நிர்வாகமும்கூட என்பது புரியும். நாய்களால் ஆட்டை இழப்பவர்களின் கோபமும் நியாயமானதே. கூட்டமாகத் திரியும் நாய்கள் பட்டிக்குள் புகுந்து ஒரே இரவில் பத்துப் பதினைந்து ஆட்டைக் கடித்துப் போடுவது மேற்கு மாவட்டங்களில் போராட்டமாகி, 2025இல் அரசு இழப்பீடு அறிவிக்கும்வரை போனது. ஆட்டுச் சந்தை ஊரில் நாய்க்காகப் பேசுகிறவர் இதை மறந்துவிட்டுப் பேசினால் யாரும் காதுகொடுக்க மாட்டார்கள்.

ஆக வேப்பூர், விருத்தாசலம் போன்ற இடங்களில் கூட்டு முயற்சி என்றால் கண்ணாடிச் சுவர் வைத்த காப்பகம் தேவையில்லை. 2023 விதிகளின்படி வீட்டு நாய்க்குத் தடுப்பூசியும் கருத்தடையும் உரிமையாளர் பொறுப்பு, தெருநாய்க்கு உள்ளாட்சியின் பொறுப்பு. தெருநாய்க் கருத்தடைக்கு நல வாரியத்தின் அங்கீகாரம் பெற்ற மையம் வேண்டும். அதற்குக் காலம் பிடிக்கும். வீட்டுப் பொட்டை நாய்களுக்கு, அங்கீகாரம் பெற்ற மையம் இல்லாமலே, அறுவைக்கு வசதியுள்ள அரசு கால்நடை மருத்துவமனையில் தனி நாள் ஒதுக்கிக் கருத்தடை செய்யலாம். சாக்கில் கட்டி விடப்படும் குட்டிகளின் ஊற்று அங்கேதான் இருக்கிறது. ஊராட்சி செயலரிடம் ஒரு நோட்டு: குட்டி எந்த வீட்டில் பிறந்தது, யாருக்குப் போனது, ஊசி என்று போட்டது. கடைசியாக ஒரு கட்டம், திரும்பினால் வாங்கிக்கொள்பவர். கொடுத்த வீடாக இருக்கலாம், சென்னையில் பதிவான ஓர் அமைப்பாக இருக்கலாம், நகராட்சியே ஒப்புக்கொண்ட நாலு கூண்டாகவும் இருக்கலாம். அந்தக் கட்டத்தில் பெயர் எழுத ஆள் கிடைக்கும்வரை குட்டியை ஃபாஸ்டர் வீட்டிலேயே வைத்திருப்பது மேல். முகாமின் எண்ணிக்கை ஒன்று குறையும், அவ்வளவுதான்.